ஆர்தலும் ஆறுதலும்

சைவாசிரியர்காள்!

மாணாக்கருடைய கொப்பிகளைத் திருத்தும்போது உங்கள் சிவப்பு மை அடிக்கடி விழும் இடங்களுள் ஒன்று ரகர றகர மயக்கம் என்பதை நாம் சொல்லவேண்டுவதில்லை. 'வயிறார உண்டான்' என எழுதவேண்டிய இடத்திலே 'வயிறாற உண்டான்' என்று ஒரு பிள்ளை எழுதும். 'பசியாற உண்டான்' என எழுதவேண்டிய இடத்திலே 'பசியார உண்டான்' என்று மற்றொரு பிள்ளை எழுதும். ஓரெழுத்துப் பிழைதானே என்று ஒரு கோடு கீறிவிட்டு அப்பாற் செல்லுதல் எளிது. அங்ஙனஞ் செல்லாது அவ்வோரெழுத்தினிடத்தே சற்று நிற்போமாயின், பசியாவது யாது, அது தீர்தலாவது யாது, ஒருகாலுந் தீராதது யாது என்னும் மூன்று வினாக்களுக்கும் நம் முன்னோர் சொல்லினுள்ளேயே விடை வைத்துப் போயினமை புலனாகும். அவ்விடையைச் சிறிது ஆராய்வோம்.

ஆர்தல் என்பது நிறைதல். சென்னைச் சர்வகலாசாலையார் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட தமிழ்ப் பேரகராதி இச்சொல்லுக்கு நிறைதல், பரவுதல், உண்ணுதல் முதலாய பல பொருள் கூறும். நிறைதலும் உண்ணுதலும் ஒரு சொல்லின் இரு பொருளாயினமை வியப்பன்று. வெறும் பாத்திரம் நிறைவது போல வயிறு நிறைதலே உண்ணுதலின் பயன். அருந்துதல் என்பதும், பிறரை உண்பித்தலாகிய அருத்துதல் என்பதும் இக்குடும்பத்தனவே. வயிறு என்னும் பெயரோடு ஆர என்னும் வினையெச்சம் சேர, குற்றியலுகரங் கெட்டு வயிறார என்றாயிற்று. வயிறு நிறையும்படி என்பது பொருள்.

இவ்வாரவென்பது வயிற்றோடு மாத்திரம் நிற்கவில்லை. வாயார வாழ்த்தினான், கண்ணாரக் கண்டான், செவியாரக் கேட்டான், கையாரத் தொழுதான், நெஞ்சார நினைந்தான், மனமார உவந்தான் என்று நாம் வழங்குகின்றோம். இவற்றிலெல்லாம் வாயுங் கண்ணுஞ் செவியும் மனமும் ஒவ்வொரு பாத்திரமாகக் கருதப்பட்டன. கண்ணுக்குக் காட்சி உணவு. செவிக்குக் கேள்வி உணவு. கோயிலுக்குப் போய்த் திரை நீங்கியபோது கண்ணை மூடிக்கொண்டு நிற்கும் பிள்ளைக்கு, 'கண்ணாரப் பார், பின்பு மூடு' என்று சொல்லும் தாய்மார் இச்சொல்லின் பொருளை அகராதி பாராமலே அறிந்தவர்கள். இக்காலத்து வாழ்த்து மடல்களிலே 'மனமாற வாழ்த்துகின்றோம்' என்று அச்சிட்டிருப்பதைப் பலமுறை கண்டிருக்கின்றோம். அங்ஙனம் எழுதின், மனம் மாறும்படி வாழ்த்துகின்றோம் எனவும் பொருள்படும். அவ்வாழ்த்தைப் பெற்ற மணமக்கள் சற்று அஞ்சவேண்டியதுதான்.

இனி ஆறுதல் என்பது வேறு சொல். இதன் பொருள் தணிதல், குளிர்தல். அடுப்பினின்று இறக்கிய பால் ஆறும். புண் ஆறும். கோபம் ஆறும். வெயிலிலே நடந்து வந்தவன் மரநிழலிலிருந்து இளைப்பாறுவான். இழவு வீட்டுக்குச் சென்று நாம் சொல்லும் வார்த்தைக்கும் ஆறுதல் என்றே பெயர். துக்கமும் ஒரு வெப்பமாதலின். 'ஆறின கஞ்சி பழங்கஞ்சி' என்னும் பழமொழியிலுள்ள ஆறுதல் இதுவே. மலையாளத்திலே ஆறுக என்பது இன்றும் குளிர்தற்கே வழங்குகின்றது. தெலுங்கிலும் கன்னடத்திலும் இதன் இனச்சொல் விளக்கு அவிதற்கும் ஈரம் உலர்தற்கும் வரும். பரோ, எமனோ என்னும் மொழிநூலார் இருவர் 1961ஆம் ஆண்டிலே வெளியிட்ட திராவிடச் சொற்பிறப்பகராதியும் ஆர் என்பதையும் ஆறு என்பதையும் வேறு வேறு வேர்களாகவே வைத்தது. ஆகலின் இவை ஒருசொல்லின் இரண்டு எழுத்துவடிவங்கள் அல்ல. ஒலியால் அண்டை வீட்டார், குலத்தால் வேறு.

மாணாக்கர் இவ்வேற்றுமையை மறவாதிருத்தற்கு ஓருபாயம் உண்டு. இறந்தகாலத்தில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். வயிறு ஆர்ந்தது; பசி ஆறியது. ஆர்ந்தது என வருமிடத்து இடையினம், ஆறியது என வருமிடத்து வல்லினம். ரகரம் நாநுனி அண்ணத்தை வருடப் பிறக்குமென்றும் றகரம் நாநுனி அண்ணத்தை மிகப் பொருந்தப் பிறக்குமென்றும் நன்னூலார் கூறினமையையும் அவர்கள் வாயினாலேயே செய்து பார்க்கும்படி விடுங்கள். சூத்திரத்தை நெட்டுருப் பண்ணுவித்தலினும் இது நன்று.

எழுவாய்களைக் கவனித்தீர்களா? ஆர்வது வயிறு, ஆறுவது பசி. வயிறு கலம், பசி தீ. ஒருவன் ஒருபிடி சோறு உண்ணும்போது இரண்டு காரியங்கள் ஒருங்கே நிகழ்கின்றன: கலம் நிறைகின்றது, தீ தணிகின்றது. பசியை வடநூலார் சாடராக்கினி என்றும் நம்மவர் வயிற்றுத்தீ என்றும் கூறுதலும், திருவள்ளுவ நாயனார் ஈகை என்னும் அதிகாரத்திலே பசியைத் தீப்பிணி என்றதும் இதுபற்றியே. பிணி என்பதும் கட்டு என்னும் பொருளுடைய பிணித்தல் என்பதனோடு உறவுடையது. எரிப்பதும் கட்டுவதுமாகிய ஒன்றற்கு நிறைதல் என்னும் வினையைக் கொடுத்தல் பொருந்தாது. தீ நிறையக்கூடாது, தணியவேண்டும். ஆகவே 'பசியார உண்டான்' என எழுதிய அப்பிள்ளை, அறியாமலே, பசி நிறையும்படி உண்டான் என்று எழுதிவிட்டது. உண்ண உண்ணப் பசி வளர்ந்ததென்பது அதன் பொருளாகும்.

அப்படியும் ஒரு பசி உண்டோ என்று கேட்பீராயின், உண்டு. மணிமேகலையிலே காயசண்டிகை என்பாள் கதையைப் படித்திருப்பீர்கள். பௌத்த காப்பியமாயினும் சொற்பொருள் விளக்கத்துக்கு அதை எடுத்துக்கொள்ளுதலிற் குற்றமில்லை. அன்றியும் அமுதசுரபி வெளிப்பட்ட மணிபல்லவம் நம்முடைய நயினாதீவே என்பார் பலராதலின், அக்கதை நமக்கு அயலதுமன்று. விருச்சிக முனிவருக்கு உணவாகவிருந்த நாவற்கனியைக் காலாற் சிதைத்த வித்தியாதர மங்கையாகிய அவள், அவர் சாபத்தினாலே பன்னீராண்டு யானைத்தீ என்னும் பெரும்பசி நோய்க்கு ஆளானாள். எவ்வளவு உண்டாலும் அவளுக்குப் போதவில்லை. இராமர் சேது கட்டிய காலத்திலே வானரங்கள் கொணர்ந்து எறிந்த மலைகளெல்லாவற்றையும் கடல் விழுங்கியதுபோலத் தன் வயிறு விழுங்குகின்றதென்று அவளே சொல்லி வருந்தினாள். அவளிடத்திலே ஆர்ந்தது வயிறன்று, பசி. மணிமேகலை அமுதசுரபியினின்றும் எடுத்து இட்ட அன்னத்தை உண்டபின்னரே அத்தீ ஆறியது. அளவு மிகுந்த உணவினால் அன்று. அருளோடு இட்ட உணவினால். ஆதிரை என்னும் கற்புடையாள் அப்பாத்திரத்திலே முதற் பிச்சையிட்டாளென்று கதை கூறுதலையும் இங்கே நினைத்தல் தகும்.

வடமொழியிலே இப்பொருட்கு வழங்கும் சொல் திருப்தி. இதன் தாது திருப் என்பது. பிதிரருக்கு எள்ளும் நீரும் இறைத்தலாகிய தர்ப்பணமும் இத்தாதுவினின்றே பிறந்தது. திருப்தி செய்வித்தல் என்பது அதன் பொருள். ஆடியமாவாசையிலே கீரிமலையில் நீராடித் தர்ப்பணஞ் செய்வோர் பலர் திருப்தியையும் தர்ப்பணத்தையும் வெவ்வேறு சொல்லென எண்ணியிருப்பர். சிராத்தத்திலே உண்டவர்களை நோக்கித் 'திருப்தியடைந்தீர்களா' என்று கருத்தா வினாவும் முறையும் உண்டு. உண்டவன் வாயினாலே போதுமென்று கேட்டபின்னரே அக்கிரியை முற்றுப்பெறும். ஆனால் ஆலயத்திலே சிவபெருமானுக்குச் செய்வதை நாம் தர்ப்பணம் என்பதில்லை, நிவேதனம் என்கின்றோம். நிவேதித்தல் என்பது அறிவித்தல். பசியில்லாத பெருமானுக்கு ஆர்த்தவேண்டிய வயிறுமில்லை, ஆற்றவேண்டிய தீயுமில்லை. 'இது தேவரீர் தந்தது' என்று அறிவித்தல் மாத்திரமே நம்மாற் செய்யலாவது. பசியுள்ள இடம் வேறே இருக்கின்றது. நடமாடுங் கோயிலாகிய அடியார்க்கு ஈந்தது இறைவனையுஞ் சென்று சேரும், கோயிலிலே கொடுத்தது அடியாரைச் சேர்வதில்லை என்னுங் கருத்தைத் திருமூல நாயனார் கூறியிருக்கின்றார். மகேசுர பூசை நம் சமயத்திலே பூசையெனப்பட்டமை இதனால் என்க. தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதியிலே கோயில் கொண்ட முருகக்கடவுளை அன்னதானக் கந்தன் என்று நம்மவர் அழைத்தலும் இக்கருத்தோடு ஒத்தது.

விரதம் முடித்து உண்ணுதலைக் குறிக்கும் சொல்லையும் இங்கே சொல்லிவிடுவோம். அதைப் பாறணை என்று றகரம் இட்டு எழுதுவார் நம்மூரிலே மிகப் பலர். கோயில் அறிவித்தல்களிலும் அப்படியே காணப்படும். அது வடசொல், பாரம் என்னும் அக்கரைப் பெயரோடு சேர்ந்தது, விரதமாகிய ஆற்றைக் கடந்து கரைசேர்தல் என்பது கருத்து. றகரம் வடமொழிக்கு இல்லாத எழுத்தாதலின் பாரணை என்று எழுதுதலே முறை. உபவாசம் என்பதும் பட்டினி என்னும் பொருளில் தோன்றியதன்று. உப என்பது அருகு. வாசம் என்பது இருத்தல். இறைவனுக்கு அருகே இருத்தல் என்று பெரியோர் அதற்கு விளக்கங் கூறுவர். அருகே இராமல் உண்ணாது மாத்திரம் இருப்பவன் பட்டினி கிடந்தவனேயன்றி உபவாசம் இருந்தவனல்லன்.

இனி, பசிக்கும் அவாவுக்கும் உள்ள வேற்றுமை. இதுவே எமது பொருளின் நடு. வயிற்றுப் பசி கொடியதாயினும் அதற்கு ஓரெல்லை உண்டு. ஔவையார் நல்வழியிலே வயிற்றை நோக்கி முறையிடுகின்றார்: ஒருநாள் உணவை விடு என்றால் விடமாட்டாய், இரண்டு நாளுக்குரியதை இன்றே ஏற்றுக்கொள் என்றாலும் கொள்ளமாட்டாய் என்பது அம்முறையீட்டின் கருத்து. இதைப் பாடம் சொல்லும்போது நாம் முற்பகுதியையே அழுத்திச் சொல்லி வயிற்றைத் திட்டிவிட்டுப் போகின்றோம். பிற்பகுதி வயிற்றுக்குப் புகழ் என்பதை யாரும் எடுத்துச் சொல்வதாகக் காணோம். இரண்டு நாளுக்குரியதை ஒருநாளிலே ஏலாத வயிறு, தன்னளவு அறிந்த வயிறு. பொன் கொடுத்தாலும் நிலம் கொடுத்தாலும் போதுமென்று சொல்லாதவன் சோறு இட்டபோது இலையின்மேற் கைகவித்துப் போதும் போதும் என்கின்றான். சொன்னது அவன் மனமன்று, வயிறு. இறைவன் உடம்பினுள்ளே வைத்த நேர்மையான கணக்கன் அது.

மனத்துக்கு அக்கணக்கன் இல்லை. யயாதி என்னும் அரசன் கதை மாபாரதத்திலே வருகின்றது. சுக்கிரருடைய சாபத்தினால் அகாலத்திலே மூப்படைந்த அவன், தன் மைந்தருள் இளையவனாகிய பூருவின் இளமையை வாங்கிக்கொண்டு ஆயிரமாண்டு போகம் அனுபவித்தான். முடிவிலே, காமம் அனுபவத்தினால் ஒருபோதும் தணியாது, நெய் சொரியப்பட்ட தீயைப்போல மேலும் மேலும் வளரும் என்று தானே கூறி, இளமையை மைந்தனுக்குத் திருப்பிக் கொடுத்தான். மேலே நாம் சொன்ன 'பசியார' என்னும் பிழை இங்கே பிழையாகாது, உண்மையாயிற்று. யயாதி உண்டபொழுதெல்லாம் ஆர்ந்தது அவனது பசியே. இதனை ஒரே சொல்லால் அடக்கிக் கூறினார் திருவள்ளுவ நாயனார். அவாவறுத்தல் என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறளிலே அவாவுக்கு அவர் கொடுத்த அடைமொழி, ஆரா இயற்கை என்பது. ஒருகாலும் நிரம்பாமையே தனக்கு இயல்பாக உடையது என்றவாறு. ஆரா என்பது ஆராத என்பதன் ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். ஆணவமலத்தினாலே மறைப்புண்டு தன்னை அறியாது நிற்கும் உயிர், தன் குறையைத் தான் சார்ந்த பொருள்களாலே நிரப்பப் புகும். சார்ந்தவையோ மாயாகாரியங்கள், வந்து போவன. ஓட்டையுள்ள கலத்தில் நீர் வார்த்தல் போலாம்.

இவ்வேற்றுமையை அறியாமையினாலே ஆசிரியராகிய நாம் இரண்டு வழியிலும் தவறக்கூடும். அவாவைப் பசியென்று எண்ணி நிரப்பப் புகுதல் ஒன்று. பசியை அவாவென்று எண்ணி அடக்கச் சொல்லுதல் மற்றொன்று. முன்னையதைப் பலரும் கண்டிக்கின்றார்கள். பின்னையதைச் சமயப் போர்வை மூடியிருத்தலால் கண்டிப்பாரில்லை. ஆதலின் அதைப்பற்றி வெளிப்படையாகவே பேசுவோம்.

2022ஆம் ஆண்டிலே இலங்கையிற் பொருளாதார நெருக்கடி முற்றிய காலத்தை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். அரிசியும் மாவும் பாற்பொடியும் விலையேறின. மண்ணெண்ணெய் கிடையாமல் கடற்றொழிலாளர் வள்ளங்கள் கரையிலே நின்றன. எரிபொருள் இன்மையாற் பாடசாலைகளும் சிலகாலம் மூடப்பட்டன. காலையுணவு இன்றி வகுப்புக்கு வந்த பிள்ளைகள் அந்நாளிலே பலர். அக்காலத்திலே சில மேடைகளிலே, பசியைப் பொறுத்தல் தவமென்றும், நம் முன்னோர் உண்ணாநோன்பினாலே உயர்ந்தனரென்றும் பிரசங்கிக்கக் கேட்டோம். பிரசங்கித்தவர்கள் உண்டு வந்தவர்கள். அவர்கள் தமக்குத் துணையாகக் கொண்டது, பசியாற்றல் என்னும் சொல் வருகின்ற திருக்குறளை. அக்குறளையே நாமும் எடுத்துக்கொள்வோம்.

அது ஈகை என்னும் அதிகாரத்தது என்பதை முதலிலே நோக்குக. தவம் என்னும் அதிகாரத்திலே அன்று. ஆற்றுதல் என்னும் சொல்லுக்குக் குளிரச்செய்தல், செய்து முடித்தல், பொறுத்தல் எனப் பல பொருளுண்டு. இவையெல்லாம் ஒரே வேரின என்பது நமது துணிபன்று. இக்குறளிலே பசியாற்றல் என்பதற்குத் தம்மை உற்ற பசியைப் பொறுத்தல் என்றே பரிமேலழகர் பொருள் கொண்டார். தவவலியுடையாரது வலி தம் பசியைப் பொறுத்துக்கொள்ளுதல். அவ்வலியும், பிறர் பசியை ஒழிப்பாரது வலிக்குப் பின்னே நிற்பது என்பது குறளின் கருத்து. இங்கே இரண்டு ஒழுங்கு சொல்லப்பட்டன. பொறுக்கப்படுவது தன் பசி. ஒழிக்கப்படுவது பிறர் பசி. தன் பசியைப் பொறுத்தவனுக்குப் புகழ் உண்டு, அதுவும் இரண்டாம் இடத்திலே. பிறனுடைய பசியைப் 'பொறுத்துக்கொள்' என்று அவனுக்கு உபதேசிப்பவனுக்கு இக்குறளிலே யாதோரிடமுமில்லை; முதலிடமுமில்லை, கடையிடமுமில்லை.

இதற்கு உதாரணம் பெரியபுராணத்திலே இளையான்குடிமாற நாயனார். செல்வமெல்லாம் சுருங்கிய பின்பு, மழைக்காலத்து நள்ளிரவிலே, நாயனாரும் மனைவியாரும் பசித்திருந்த நேரத்திலே ஓரடியார் வந்தார். வீட்டிலே ஒன்றுமில்லை. அன்று பகலிலே வயலில் வித்திய நெல்லை வாரிவரலாம் என்று மனைவியார் நினைவூட்டினார். நாயனார் இருளிலும் மழையிலும் சென்று, நீரிலே மிதந்த முளைநெல்லைக் கூடையிலே வாரிக்கொண்டு வந்தார். விறகில்லாமையால் வீட்டுக் கூரை வரிச்சுகளை அறுத்துத் தள்ளினார். முளைநெல்லை வறுத்துக் குற்றி அரிசியாக்கி அம்மையார் அன்னம் சமைத்தார்; குழியிலே கிடந்த கீரையை நாயனார் பிடுங்கிக் கொடுக்க, அம்மையார் அதைப் பலவகைக் கறியாக்கினார். இவ்விடத்திலே சேக்கிழார் சுவாமிகள் அத்தம்பதிகளுடைய சொந்தப் பசியைப்பற்றி வேறொன்றும் பேசாது விட்டமையை நாம் பெரிதாகக் கொள்கின்றோம். அவர்கள் அதை ஆற்றிக்கொண்டார்கள். விருந்தினர் பசியை மாத்திரம் ஒருகணமும் ஆற்றியிருக்கும்படி விடவில்லை. விதைநெல்லை எடுத்தால் அடுத்த போகத்துக்கு என்செய்வது என்று கணக்குப் பார்க்கும் நல்லறிவு நமக்கெல்லாம் உண்டு. அந்நல்லறிவு அன்றிரவு அவ்வீட்டிலே வாய் திறக்கவில்லை.

கிட்டிய காலத்திலும் உதாரணமுண்டு. ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலரவர்கள் 1848ஆம் ஆண்டிலே வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தாபித்தவர்கள். பாலபாடமும் சைவவினாவிடையும் செய்து தந்தவர்கள். நூலச்சிடுதலும் பிரசங்கஞ் செய்தலுமே அவர்கள் பணியென்று நினைப்பார் உளர். யாழ்ப்பாணத்திலே 1877ஆம் ஆண்டிலே பஞ்சமும் பேதிநோயும் வருத்தியபோது, அவர்கள் பொருள் திரட்டிக் கஞ்சித்தொட்டித் தருமம் நடத்தினார்கள். ஆசாரத்திலே அணுவளவும் தளராத அப்பெரியார், பஞ்சகாலத்திலே பசித்தவனுக்கு முதலிற் கொடுத்தது புத்தகமன்று, கஞ்சி.

அப்படியானால் பிள்ளைகளுக்கு விரதம் வேண்டாவா என்று கேட்பீர்கள். வீட்டிலே மூன்றுவேளையும் உண்கின்ற பிள்ளை, கந்தசட்டியிலே தன் விருப்பத்தோடு ஒருவேளை உணவை விடுவதும், பாலும் பழமும் உண்டிருப்பதும் நன்றே. தன் அவாவை அது அங்கே அளந்து பார்க்கின்றது. ஆனால் நாடோறும் ஒருவேளை உண்ணும் பிள்ளைக்கு வருஷமெல்லாம் சட்டி. அதற்கு நாம் விரதம் விதிக்கவேண்டுவதில்லை. வகுப்பிலே யார் யார் விரதம் என்று கையுயர்த்தச் சொல்லுகின்ற வழக்கத்தையும் விட்டுவிடுதல் நன்று. உணவில்லாமையை விரதம் என்று சொல்லி மறைத்துக் கையுயர்த்தும் பிள்ளையும் அக்கூட்டத்திலே இருக்கக்கூடும். வயிறார என்னும் சொல்லுக்கு வாக்கியம் அமைக்கச் சொல்லும்போதும் இதை நினைத்துக்கொள்க. 'நேற்றிரவு நீ வயிறார உண்டதைப்பற்றி எழுது' என்று கேளாமல், 'பறவை', 'பசு' என எழுவாயை நீங்களே கொடுத்துவிடலாம்.

இச்சொல்லின் கதையிலே இன்னும் ஒரு பகுதி எஞ்சியிருக்கின்றது. அது மேல்வகுப்பு மாணாக்கருக்கு உரியது. திருவள்ளுவ நாயனார் அவாவுக்கு அடையாக்கிய ஆரா என்னும் அதே சொல்லை, மணிவாசகப்பெருமான் சிவபுராணத்திலே சிவபெருமானுக்கு அடையாக்கினார். ஆராவமுதம் என்று விளிக்கின்றார். காலைப் பிரார்த்தனையிலே உங்கள் பிள்ளைகள் நாடோறும் ஓதுகின்ற பகுதி அது. நுண்ணறிவுடைய பிள்ளை ஒன்று எழுந்து, 'நிரம்பாமை அவாவுக்குக் குற்றமானால், கடவுளுக்கு எப்படிக் குணமாகும்?' என்று கேட்டல் கூடும். கேளாவிடின் நீங்களே கேட்கலாம்.

எச்சம் ஒன்றே, அது கொண்டு முடியும் பெயர் வேறு. ஆரா அவா என்புழி ஆராதது உண்பவனிடத்துள்ள குறை. எத்தனை வார்த்தாலும் அவன் நிரம்பான். ஆரா அமுதம் என்புழி ஆராதது உண்ணப்படும் பொருளின் பெருமை. எத்தனை உண்டாலும் அது தெவிட்டாது. உலகத்துச் சுவைகள் இரண்டு வழியாலே முடியும்: ஒன்று, பொருள் தீர்ந்துபோகும்; அன்றேல் வயிறு நிறைந்து, உவந்த பொருளே உவர்க்கும். பாயசம் மூன்றாங் கிண்ணத்திலே பகையாவதை யார் அறியார்? தீராததும் தெவிட்டாததுமாய் ஒன்று உண்டெனின் அது உலகப் பொருளாதல் கூடாது. ஆதலினாலே மணிவாசகர் அதை அமுதம் என்றும் விட்டுவிடாமல் ஆரா என்பதையும் முன்னே வைத்தார். தேவர் உண்ட அமுதம் கடைந்து எடுத்து அளந்து பகிர்ந்த அமுதம். இது அளவில்லாதது.

அங்ஙனமாயின் முத்தியிலே உயிர் என்றும் பசித்தே இருக்குமோ என்று பின்னுமொரு தடை எழும். எழாது. பசி என்பது தீ என்றும், தீக்கு ஏற்றது ஆறுதல் என்றும் முன்னே கண்டோம். மலமாகிய மூலம் அடங்கியபோது அவாவாகிய தீ ஆறிவிட்டது. சுடுவது அங்கே ஒன்றுமில்லை. தீ ஆறிய பின்பும் உயிர் சிவானந்தத்தை அனுபவித்தல் ஒழியாது; அவ்வனுபவத்துக்கு எல்லை வகுக்க அங்கே வயிறுமில்லை. பசி ஆறியும் அமுதம் ஆராதது. சிவஞானபோதத்துப் பதினோராஞ் சூத்திரத்திலே மெய்கண்டதேவர், அரன் கழலைச் சேர்தற்கு ஏதுவாக அயரா அன்பு என்று கூறியதும் இத்தன்மைத்தான ஓரெதிர்மறையே. மறவாத, சோராத அன்பு என்பது பொருள். அவாவின் ஆராமை நீங்கிய இடத்திலே அன்பின் அயராமை வந்து நின்றது.

ஆகவே கரும்பலகையிலே வயிறார, பசியாற என்னும் இரண்டையும் எழுதும் நாளிலே, மேல்வகுப்பாயின் மூன்றாவதாக ஆரா என்பதையும் எழுதி, அவா, அமுதம் என்னும் இரண்டு பெயர்களையும் அதன் எதிரே ஒன்றன்கீழ் ஒன்றாக இட்டு, எது உண்பவனைக் குறித்தது, எது உண்ணப்படுவதைக் குறித்தது என்று பிள்ளைகளையே கேளுங்கள். அப்பாடத்தைக் கடைசி மணிக்கு வையாதீர்கள். இடைவேளைக்குப் பின்பு, எல்லாப் பிள்ளைகளும் உண்டு வந்தார்கள் என்பதை அறிந்துகொண்டு தொடங்குங்கள்.